சூத்திரமும் உரையும்

நாவலைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருக்கிற ஒருவன், கம்ப்யூட்டர் வழிகாட்டிகளைப் பற்றி விமர்சனம் எழுதலாமா என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். எழுதலாம் என்பதே என் கட்சி. ஓர் எழுத்தை நம்பி ஒருவன் காரியத்தில் இறங்குகிறான் என்றால், அந்த எழுத்துக்கு நாவலை விடப் பொறுப்பு அதிகம். மட்டமான நாவலைப் படித்தவனுக்கு ஒரு மாலைப் பொழுது நஷ்டம், அவ்வளவுதான். மட்டமான வழிகாட்டியைப் படித்தவனுக்கு என்ன நஷ்டமாகும் என்பதை இந்த வருஷம் நான் அநுபவித்தே தெரிந்துகொண்டேன்.

2009-ஆம் வருஷம் நான் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கினேன். நெட்புக் என்று அந்த ஜாதிக்குப் பெயர். பத்து அங்குலத் திரை. ஒன்றேகால் கிலோ கனம். மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் எழுதலாம். எழுதினேன். எட்டுக் கதைகள் அதில் எழுதி அச்சேறின. ஒரு நாவலையும் ஆரம்பித்து, பதினோரு அத்தியாயம் வரையில் வந்து, மேலே போக வழி தெரியாமல் நிறுத்திவிட்டேன். யந்திரத்தில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை அந்தக் கம்பெனியார் நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்பே யந்திரம் தளர்ந்து போயிருந்தது. துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் அந்த நாவலின் பன்னிரண்டாவது அத்தியாயம் திடீரென்று மனசில் வந்தது. ஆரம்பித்த யந்திரத்திலேயே முடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், "லினக்ஸ் போடுங்கள் ஸார், பழைய யந்திரத்துக்கு அதுதான் மருந்து. எப்படிப் போடுவது என்று ஆயிரம் பேர் எழுதி வைத்திருக்கிறார்கள், படித்தால் தெரிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு உத்தியோகத்துக்காக பெங்களூர் போய்விட்டார். இரண்டு மாத காலம் நான் நாவல் எதையும் தொடவில்லை. அந்த ஆயிரம் பேரில் ஒரு ஐம்பது பேரையாவது படித்திருப்பேன். அந்த வாசிப்பின் பலன்தான் இந்தக் கட்டுரை.

லினக்ஸ் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்டோஸைப் போலவே அதுவும் கம்ப்யூட்டரை இயக்கி வைக்கிற அடிப்படை ஏற்பாடு. ஆனால் ஒரு கம்பெனியின் சொத்து அல்ல. 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள ஒரு முழு ஏற்பாட்டை உண்டாக்குவதாக அறிவித்து, குனு என்ற பெயரில் வேலையை ஆரம்பித்தார். அதன் மையமான பகுதி முடியாமலே இருந்தது. 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இருபத்தொரு வயது மாணவர் ஒரு மையப் பகுதியை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தன. அதற்குப் பிறகு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பல்லாயிரம் கைகள் அதில் எழுதியிருக்கின்றன.

மூலம் ஒன்றாக இருந்தாலும் பதிப்புகள் பல. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை பதிப்புகளின் பெயர்கள். ஒரே காவியத்தை நாலு பதிப்பாசிரியர்கள் நாலு விதமாக அச்சிட்டு வெளியிடுவதில்லையா, அந்த மாதிரி. எந்தக் காகிதம், எந்த எழுத்து, எந்தப் பாடம், என்ன அடிக்குறிப்பு என்பதில்தான் வித்தியாசம். புதிதாக வருகிறவனுக்கு இந்த ஒரு வார்த்தையை முதலிலே சொல்லிவிட்டால் பாதிப் பயம் தெளியும். நான் படித்த ஐம்பது பேரில் மூன்று பேர்தான் சொன்னார்கள்.

வழிகாட்டிகளைக் குறை சொல்வதற்கு முன்னால், வழிகாட்டியே தேவையில்லாமல் பண்ணிவிடலாம் என்று நடந்த ஒரு முயற்சியைப் பார்க்க வேண்டும். நெட்புக் என்ற ஜாதியையே ஆரம்பித்து வைத்த யந்திரம் அது. தைவான் தேசத்து ஏஸுஸ் கம்பெனி 2007 ஜூனில் தைபே நகரத்துப் பொருட்காட்சியில் அறிவித்து, அதே வருஷம் அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஈ பி.சி. 701. ஏழு அங்குலத் திரை. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. சாமான் வைத்துக்கொள்ள 4 ஜி.பி. இடம். சுலபம் என்ற பொருளுள்ள ஆங்கில வார்த்தையின் முதல் எழுத்தை மூன்று தடவை எழுதி அதற்குப் பெயர் வைத்தார்கள். படிக்கச் சுலபம், வேலைக்குச் சுலபம், விளையாடச் சுலபம் என்று அர்த்தம். உள்ளே இருந்தது லினக்ஸ். டெபியனை ஒட்டி அமைந்த சான்ட்ரோஸ் என்ற பதிப்பு.

அதில் ரஸிக்கத்தக்க அம்சங்கள் இருந்தன. திறந்தவுடன் திரையின் உச்சியில் இணையம், வேலை, படிப்பு, விளையாட்டு என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் பெரிய பெரிய படங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை கூடப் புழங்கலாம். எதையாவது செய்து கெடுத்துவிட்டால், யந்திரம் துவங்கும் சமயத்தில் எஃப்9 பொத்தானைத் தட்டி, கடையிலிருந்து வந்த நாளின் நிலைமைக்கே கொண்டுபோய்விடலாம். தொடங்குகிறவனுக்கு முதலில் வேண்டியது, தவறு செய்ய ஒரு சுதந்திரம். அதை உணர்ந்து ஏற்பாடு செய்தவர் யாரோ, அவர் நல்ல ஆசிரியர்.

ஆனால் அந்த வீட்டில் பல அறைகள் பூட்டிக் கிடந்தன. அசல் ஏற்பாடு முழுவதும் டிஸ்க்கில் மாற்ற முடியாத ஒரு பகுதியில் இருந்தது. நாம் செய்கிற மாற்றங்கள் வேறொரு பகுதியில் அதன் மேல் கண்ணாடித் தாள் மாதிரி படிந்தன. எஃப்9 வித்தைக்கு அதுதான் காரணம். அதனாலேயே, வேண்டாத ஒரு சாமானை அழித்தாலும் இடம் மிச்சமாகாது. புதுப்பிக்கப் போனால் பழையதும் அப்படியே இருக்கும், புதியதும் வந்து சேரும். இருக்கிற 4 ஜி.பி.யில் இப்படி நடந்தால் என்னவாகும்? தானே ஏதும் அறியாத சொந்தக்காரன், "அழித்தேனே, இடம் எங்கே?" என்று திகைத்து நிற்பான். அவனுக்குப் பதில் சொல்ல அந்தப் படங்களில் ஒன்றுக்கும் வாய் கிடையாது. கட்டளை எழுதுகிற கறுப்புத் திரை உள்ளே இருக்கத்தான் இருந்தது; கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் வரும். ஆனால் படங்களில் அது இல்லை.

2008 ஏப்ரலில் மைக்ரோஸாப்ட் கம்பெனி, நிறுத்திவிடுவதாக இருந்த எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பை இந்தச் சின்ன யந்திரங்களுக்காக மட்டும் தொடர்ந்து விற்பதாக அறிவித்தது. சீக்கிரத்திலேயே நெட்புக்குகளில் பெரும்பாலானவை விண்டோஸோடு வர ஆரம்பித்தன. என்னுடையதும் அப்படி வந்ததுதான். 2012-க்குப் பிறகு நெட்புக் என்ற ஜாதியே அருகிப்போயிற்று. ஜனங்கள் லினக்ஸை நிராகரித்துவிட்டார்கள் என்று இதற்குச் சிலர் தீர்ப்பு எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜனங்களுக்குப் பழக்கமான ஒன்று பக்கத்திலேயே கிடைத்தது என்பது வாஸ்தவம். ஆனால் இன்னொன்றும் உண்டு. அவர்களுக்கு லினக்ஸை யாரும் படித்துக் காட்டவில்லை. அட்டைப் படத்தை மட்டும் காட்டிவிட்டுப் புஸ்தகத்தைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

இனி வழிகாட்டிகளுக்கு வருகிறேன். நான் படித்தவற்றை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்.

முதல் ரகம், ஜவுளிக்கடைச் சிப்பந்தி. பத்துப் பதினைந்து பதிப்புகளின் பெயர்களை நம் முன்னே உதறி விரித்துப் போடுகிறார். இது இலகுவானது, அது அழகானது, இன்னொன்று உறுதியானது என்கிறார். எல்லாம் சொல்லிவிட்டு, "உங்கள் ருசிக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளுங்கள்" என்று முடிக்கிறார். ருசி என்பது சாப்பிட்ட பிறகு வருவது. இன்னும் இலையே போடாதவனிடம் ருசியைப் பற்றிக் கேட்டு என்ன பிரயோஜனம்?

இரண்டாவது ரகம், டிரில் மாஸ்டர். முதல் வரியிலேயே, "டெர்மினலைத் திறந்து கீழ்க்கண்டதை டைப் செய்யவும்" என்று ஆரம்பிக்கிறார். ஏன், எதற்கு, செய்தால் என்ன ஆகும், ஆகாவிட்டால் என்ன செய்வது என்ற பேச்சே கிடையாது. வலது கால், இடது கால், நில் என்கிற மாதிரி கட்டளைகள் போகின்றன. தொடங்குகிறவர்களை மிரட்டும் குணம் இந்த உலகத்தில் பரம்பரையாக வருவது போலிருக்கிறது. அதிகாரமில்லாதவன் ஒரு கட்டளை கொடுத்தால், அவன் பெயர் பட்டியலில் இல்லை என்றும், இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்றும் லினக்ஸ் பல ஆண்டுகளாக அச்சிட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து சொந்தக் கம்ப்யூட்டரைத் திறந்த பென்ஷன்தாரர் எந்த மேலிடத்தை நினைத்து நடுங்கியிருப்பாரோ! அண்மைக் காலத்துப் பதிப்புகளில் இந்த மிரட்டலை அடக்கிவிட்டார்கள். வழிகாட்டி எழுதுகிறவர்களின் தொனியில் அது இன்னும் அடங்கவில்லை.

மூன்றாவது ரகம்தான் ஆபத்தானது. ஏனெனில் அது நன்றாக எழுதப்பட்டிருக்கும். படி ஒன்று, படி இரண்டு என்று ஒழுங்காக, படங்களோடு, தெளிவான நடையில் போகும். அப்படிப்பட்ட ஒன்றைத்தான் நான் நம்பினேன். பதினான்கு படிகள். எட்டுப் படிகள் வரையில் ஒரு தடங்கலும் இல்லை. எழுதியவருக்கு மானசீகமாக நன்றி கூடச் சொன்னேன். ஒன்பதாவது படியில், டிஸ்க் முழுவதையும் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது, தேர்ந்தெடுத்தேன். மாற்றங்களை டிஸ்க்கில் எழுதலாமா என்று யந்திரம் கேட்கும், ஆம் என்று சொல்லவும் என்றிருந்தது. யந்திரம் கேட்டது. ஆம் என்றேன். பதினான்காவது படியும் முடிந்த பிறகு, "சில குறிப்புகள்" என்ற தலைப்பின் கீழ், மூன்றாவது வரியில், வேலையைத் தொடங்குமுன் பழைய ஃபைல்களை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்வது நலம் என்று எழுதியிருந்தார்.

பதினோரு அத்தியாயங்களும் போய்விட்டன. கையெழுத்துப் பிரதி கிடையாது. நேராகவே டைப் செய்தவை. பழுது பார்க்கிற கடைக்காரர் ஒருவர் டிஸ்க்கை இரண்டு நாள் வைத்திருந்து அகழ்ந்து பார்த்தார். ஒன்பதாவது அத்தியாயத்தில் அரைப்பக்கமும், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த நாலு போட்டோக்களும் கிடைத்தன.

யந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அது கேட்டது. என் பேரிலும் குற்றம் உண்டு. முழுவதையும் முதலில் படித்திருக்க வேண்டும். ஆனால் ஒரு விமர்சகனாக யோசித்துப் பார்க்கையில், எழுதியவரின் பிழை என்ன என்பது எனக்கு விளங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. எதையும் விட்டுவிடவுமில்லை. வரிசையை மாற்றினார். கதையில் வரிசையை மாற்றினால் அது உத்தி. வழிகாட்டியில் மாற்றினால் அது துரோகம். கிணற்றைத் தாண்டிய பிறகு, "அங்கே ஒரு கிணறு இருக்கிறது, பார்த்துப் போங்கள்" என்று சொல்வதால் யாருக்கு என்ன லாபம்?

மேதாவிகளைக் கேட்டால், மூலநூலைப் படித்திருக்க வேண்டும் என்பார்கள். லினக்ஸுக்கு மூலநூல் உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் உள்ளேயே ஒரு பக்கம் இருக்கிறது. மேன் பக்கம் என்று அதைச் சொல்வார்கள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸுக்கு 1971-லேயே இப்படி ஒரு கையேடு தயாராகிவிட்டது. அந்த வடிவம்தான் இன்றும் தொடர்கிறது. முதலில் பெயர், பிறகு ஒரு வரி விளக்கம், பிறகு அதன் விகற்பங்கள். உதாரணம் இருந்தால் கடைசியில். ஒரு வார்த்தை மிகையில்லை; ஒரு வார்த்தை குறைவில்லை. நான் அவற்றில் சிலவற்றைப் படித்துப் பார்த்து, உண்மையிலேயே வியந்தேன். அவை சூத்திரங்கள். நம்முடைய இலக்கண ஆசிரியர்கள் பார்த்தால் சபாஷ் சொல்வார்கள்.

ஆனால் சூத்திரத்தைத் தனியாகக் கையில் கொடுத்து மாணாக்கனை அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இல்லை. சூத்திரத்துக்கு உரை வேண்டும் என்பதைத் தமிழன் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்டான். இளம்பூரணர் இல்லாமல் தொல்காப்பியத்துக்குள் நுழைய யாரால் முடியும்? 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர், மூலத்தை மட்டும் அச்சிட்டு நிறுத்தவில்லை. நச்சினார்க்கினியர் உரையோடு சேர்த்து வெளியிட்டார். உரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் நன்னூலில் கணக்கு இருக்கிறது. காண்டிகையுரை என்ற வகைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்று ஐந்து அங்கங்கள். எந்தக் காலத்திலோ வகுத்த இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இந்தக் காலத்து வழிகாட்டிகளை அளந்து பார்த்தேன். அதிசயமாகப் பொருந்துகிறது.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். டெபியன் வகைப் பதிப்புகளைப் போட்டு முடித்ததும் எல்லா வழிகாட்டிகளும் கொடுக்கிற கட்டளை, "சூடோ ஆப்ட் அப்டேட்." இதற்கு உரை எழுதினால் எப்படி இருக்கும்? கருத்து: என்னென்ன சரக்கு எந்தெந்தப் புதிய பதிப்பில் கிடைக்கிறது என்ற பட்டியலை வரவழைத்துக்கொள்வது. பதப்பொருள்: சூடோ என்பது, இந்தக் காரியத்தை வீட்டுத் தலைவருடைய அதிகாரத்தோடு செய் என்பது, ஆப்ட் என்பது சரக்கு வரவழைக்கிற காரியஸ்தன், அப்டேட் என்பது பட்டியலைப் புதுப்பி என்பது. எடுத்துக்காட்டு: மளிகைக் கடையில் விலைப்பட்டியல் வாங்கி வருவது போல, பட்டியல் வந்ததனால் பருப்பு வந்துவிடாது, பருப்பு வர வேண்டுமானால் அடுத்தபடியாக அப்கிரேடு என்ற கட்டளை கொடுக்க வேண்டும். வினா: பாஸ்வேர்டு கேட்கிறது, அடித்தால் திரையில் ஓர் எழுத்தும் விழவில்லையே, கீபோர்டு கெட்டுவிட்டதா? விடை: கெடவில்லை, பக்கத்தில் இருப்பவர் எழுத்துக்களை எண்ணிவிடாதிருக்க மறைத்திருக்கிறது, அடித்து முடித்து என்டரைத் தட்டலாம்.

இவ்வளவுதான். பத்து வரி. இந்தப் பத்து வரி இல்லாததனால் நான் ஒரு முற்பகல் முழுவதும் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வினாவும் விடையும்தான் முக்கியமான அங்கங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. படிக்கிறவன் எந்த இடத்தில் தடுமாறுவான் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்கிறவன்தான் உரையாசிரியன். மற்றவர்கள் எல்லாம் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள்.

சின்ன நெட்புக்கில் தடுமாறுகிற இடங்கள் எவை என்பது இப்போது எனக்குத் தெரியும். வரிசைப்படி சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உபயோகப்படலாம். முதலில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு ஒரு வேலையும் அதற்கு முன்னால் கிடையாது. இரண்டாவது, யந்திரத்தின் குலம் கோத்திரம். 2008, 2009 வருஷத்து நெட்புக்குகளில் பெரும்பாலும் இருப்பது இன்டெல் ஆட்டம் என்–270 என்ற சிப். அது 32 பிட் வகை. 2010-ல் வந்த என்–450 முதலியவை 64 பிட். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-க்கு 32 பிட் யந்திரங்களில் போடுவதற்கான ஏற்பாடே கிடையாது. "மிகப் புதியதை இறக்கிக்கொள்ளுங்கள்" என்கிற வழிகாட்டியை நம்பினால், யந்திரம் முதல் வரியிலேயே மாட்டேன் என்றுவிடும். பழுதென்று நினைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய யந்திரங்களுக்கென்றே அமைந்த பதிப்புகள் உண்டு. கிரீஸ் தேசத்தில் பிறந்த ஆண்டிஎக்ஸ் என்பது ஒன்று, டெபியனை ஒட்டியது, அதன் 2023-ஆம் வருஷத்துப் பதிப்பில் 32 பிட்டுக்குத் தனிப்பிரதி இருக்கிறது.

மூன்றாவது, டிஸ்க்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பெண் பார்க்கிற மாதிரி. பார்த்ததனால் பந்தம் இல்லை. வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, திரை மங்காமல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு பிறகு முடிவு செய்யலாம். இவ்வளவு நல்ல வசதியை முன்னால் சொல்லாமல் நேரே தாலி கட்டச் சொல்கிற வழிகாட்டிகளை என்னவென்று சொல்வது?

நான்காவது, திரையின் உயரம். பெரும்பாலான நெட்புக்குகளில் 1024-க்கு 600 புள்ளிகள்தான். சில சாளரங்கள் அதை விட உயரமாக இருப்பதால், "மேலே செல்" என்ற பொத்தான் திரைக்குக் கீழே பாதாளத்தில் போய்விடும். ஆல்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு சாளரத்தை மௌஸால் பிடித்து மேலே இழுத்தால் அது கண்ணுக்கு வரும். ஐந்தாவது, ஆசைக்கு ஓர் அளவு. 1 ஜி.பி. ராமில் எழுதலாம், படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். இந்தக் காலத்து இணையப் பக்கங்களின் கனத்தை அந்தச் சின்ன முதுகு தாங்காது. லினக்ஸ் போட்டால் பழைய யந்திரம் புதிதாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் லேகிய வியாபாரிகள். கிழவருக்குத் தடி கிடைக்கும்; அதைக் கொண்டு நடக்கலாம்.

தமிழ் எழுதுவதில் சிரமம் இல்லை. ஐபஸ் என்ற ஏற்பாட்டைப் போட்டுக்கொண்டால், 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மகாநாட்டையொட்டி வகுத்த தமிழ்99 விசைப்பலகை அதில் கிடைக்கிறது. எனக்குப் பழகியதும் அதுதான். பதினைந்து நிமிஷத்தில் எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுத என்ன இருந்தது என்பது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் ஒரு பதில் உண்டு என்பதை நான் அறிவேன். லினக்ஸை எழுதினவர்களில் எத்தனையோ பேர் கூலி வாங்காமல் எழுதினார்கள். வழிகாட்டி எழுதினவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? மாடாக இருந்தால் பார்க்கக் கூடாது. ஆனால் எழுத்து தானப்பொருள் அல்ல. சும்மா கொடுத்தாலும், காசுக்குக் கொடுத்தாலும், படிக்கிறவனுடைய நம்பிக்கையை அது வாங்கிக்கொள்கிறது. அந்த விலையைக் கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு.

இரண்டு தரப்பாரையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஈ பி.சி. செய்தவர்கள் சூத்திரத்தை ஒளித்து வைத்தார்கள். வழிகாட்டி எழுதுகிறவர்கள் சூத்திரத்தை உரையில்லாமல் கொடுக்கிறார்கள். எதிர் எதிரான இரண்டு காரியங்கள் போல் தோன்றினாலும், அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான். புதிதாக வருகிறவனுக்குச் சொன்னாலும் புரியாது என்ற எண்ணம். அவனைக் குழந்தையாக்கி ஒருவர் பொம்மை கொடுக்கிறார். சிப்பாயாக்கி இன்னொருவர் கட்டளை கொடுக்கிறார். விஷயம் தெரிந்தால் தானே யோசித்து முடிவு செய்யக்கூடிய மனுஷனாக யாரும் அவனை நினைக்கவில்லை. எவரும் படிக்கலாம், எவரும் திருத்தலாம் என்ற கொள்கையில் பிறந்த ஒன்றின் வாசலில் இப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

குறை சொன்னால் போதாது, நீயே ஒன்று எழுதிக் காட்டு என்ற சவால் சீக்கிரத்திலேயே வந்தது. எதிர் வீட்டில் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடமும் என்னுடையதைப் போல் ஒரு பழைய நெட்புக். அவருக்காக ஃபுல்ஸ்கேப் தாளில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதல் வரியில், "முதலில் உங்கள் கடிதங்களையும் படங்களையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள், முடிந்தால்தான் இரண்டாவது வரியைப் படிக்க வேண்டும்" என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு எல்லாம் நன்னூல்படி இருந்தன. கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "வேலை முடிந்துவிட்டது. ஆனால் இந்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன், ஸார்" என்று ஒரு வரியைக் காட்டினார். பென் டிரைவிலிருந்து துவங்க எஃப்12 பொத்தானைத் தட்டவும் என்று எழுதியிருந்தேன். என் யந்திரத்தில் எஃப்12. அவருடையதில் எஸ்கேப். ஒவ்வொரு கம்பெனியார் ஒவ்வொரு பொத்தானை வைத்திருப்பார்கள் என்ற வினாவும் விடையும் என் உரையில் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் பென்சிலால் திருத்தம் எழுதியிருந்தார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, திருத்தத்தோடு புதிதாக ஒரு பிரதி எழுதினேன். அடுத்தவர் யாராவது கேட்டால் அதைத்தான் கொடுப்பேன். அவரும் ஒரு திருத்தம் கொண்டுவருவார் என்று எதிர்பார்க்கிறேன். நாவலையும் மறுபடி முதல் அத்தியாயத்திலிருந்து அந்தச் சின்ன யந்திரத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். தினம் எழுதி முடித்ததும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, பழையபடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன்.